பி-0300

மஞ்சள் விளக்கு எரிந்ததும்
மஞ்சக்குப்பம் மெக்கானிக்
சொருகிப் பார்க்க மட்டும் எண்ணூறு என்றார்.
நான் ஆயிரத்து நூற்றைம்பதுக்கு
ஸ்கேனரையே வாங்கிவிட்டேன்.
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.

முதல் தடவை எல்லாரும் செய்கிறதைத்தான் செய்தேன்.
பிழையைப் படித்தேன், அழித்தேன்,
விளக்கு அணைந்ததும்
வண்டி சரியாகிவிட்டது என்று நம்பினேன்.

இன்று ஞாயிறு. மறுபடியும் மஞ்சள்.
ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து
கைபேசி வெளிச்சத்தில் துவாரம் தேடுகிறேன்.
கூந்தலில் மணல் ஒட்டுகிறது.
வண்ணாரப்பாளையத்தில் மணல் எங்கேயும் இருக்கும்,
பிரேக் பெடலுக்குக் கீழே
இவ்வளவு இருந்ததில்லை.

பி-0300.
எந்த சிலிண்டர் என்று சொல்லத் தெரியாத பிழை.
ஒரு துடிப்பு இதில் தவறும், ஒன்று அதில்.
பக்கத்தைத் தள்ளினால் இன்னும் எண்கள்:

அழித்த பிறகு ஓடிய தூரம் 46 கிலோமீட்டர்
அழித்த பிறகு சூடேறியது 11 முறை
எஞ்சின் ஓடிய நேரம் 1210 நிமிடம்

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள் நான்.
எண்களைப் பார்த்தால் கூட்டாமல் இருக்க முடியாது.
சிப்காட்டுக்குப் போக எட்டு, வர எட்டு.
பதினொரு நாளுக்கு
நூற்று எழுபத்தாறு வந்திருக்க வேண்டும்.

நாற்பத்தாறைப் பதினொன்றால் வகுத்தேன்.
போக இரண்டு, வர இரண்டு.
எங்கள் தெருவிலிருந்து இரண்டு கிலோமீட்டரில்
சில்வர் பீச் இருக்கிறது,
அதற்கு மேல் ரோடு இல்லை.

இருபது மணி நேரத்தில் நாற்பத்தாறு கிலோமீட்டர்.
எருமை இதைவிட வேகமாகப் போகும்.

அவருடைய சட்டையைத் துவைக்கும்போது
கம்பெனி நாற்றம் வரவில்லை,
இரண்டு வாரமாக.
சோப்புத் தூள் மாற்றினதால் என்று நினைத்திருந்தேன்.
டிபன் பாக்ஸ் மட்டும்
தினமும் காலியாகத்தான் வந்தது.
கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு,
கடலைப் பார்த்தபடி தின்றிருப்பார்.
வத்தக்குழம்பு அன்றைக்கு உப்பு கூட,
அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

பானெட்டைத் திறந்தேன்.
காயிலைப் பிடுங்கி, நீள ஸ்பேனரை இறக்கி
மூன்று பிளக்கையும் கழற்றினேன்.
மூன்றும் கரி.
விரலை வைத்தால் மை மாதிரி ஒட்டுகிற கரி.
நின்ற இடத்திலேயே எரிகிற வண்டிக்கு
இப்படித்தான் பிடிக்கும்.

குணாளன் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.
"என்ன காட்டுது?" என்றார்,
காட்டுவதைப் பார்க்காமல்.
"டார்ச்சைப் பிடிங்க."
பிடித்தார்.
வெளிச்சம் நடுங்கியதால்
கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது சிரமமாக இருந்தது.

மூன்றாவது பிளக்கை முறுக்கும்போது
திரையில் கேட்டது:
பிழைகளை அழிக்கவா?
ஆம் என்றால்
நாற்பத்தாறும் பதினொன்றும்
ஆயிரத்து இருநூற்றுப் பத்தும்
சேர்ந்தே பூஜ்யமாகும்.
அது எனக்குத் தெரியும்.
கைபேசியை அவரிடம் நீட்டினேன்,
என் கை முழுக்கக் கரி என்று.

படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.
எதிர்வீட்டு ஸ்டெல்லாம்மா
கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்து
எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"இத ஒரே இழுப்பா ஓட்டணும்," என்றேன்.
"நெய்வேலி வரைக்கும் போனாத்தான் மிச்சக் கரி எரியும்.
நாளைக்குக் காலையில போலாமா?
நான் சங்கத்துக்கு லீவு சொல்லிடறேன்."

"நாளைக்கு எனக்கு டூட்டி" என்று ஆரம்பித்தவர்
டூட்டியோடு நிறுத்திக்கொண்டார்.
ஆம் என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்து
இன்னும் அழுத்தவில்லை.

நான் பானெட்டை இறக்கி
பூட்டு விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன்.
துரு. இரண்டு தடவை அறைய வேண்டியிருந்தது.

"எத்தனை மணிக்கு?" என்றார்.